இரண்டாம் வாசல்

மூன்று மொழியிலும் அறிவிக்க வேண்டும் என்பது விதி.
கேட்க ஆள் இருக்க வேண்டும் என்று
விதியில் இல்லை.

ஆமர் வீதியில் இரண்டு இடத்தில் மறித்தார்கள்.
ஊரடங்குப் பாஸைக் காட்டி
சுகததாச மைதானத்துக்கு வந்து சேர்ந்தேன்.
நெற்றிக்கு நேரே துப்பாக்கிபோல் ஒரு கருவி.
முப்பத்தாறு தசம் நாலு.
"போங்கோ மிஸ், உயிரோடதான் இருக்கிறீங்கள்"
என்றான் காவலாளி.

கதிரைகளில் ஒன்றுவிட்டு ஒன்றுக்குச்
சிவப்பு நாடா ஒட்டியிருந்தார்கள்,
யாருமே வராத இடத்தில்
எங்கே இருக்கக் கூடாது என்று.

முதலில் நிலந்தி, சிங்களத்தில்.
அடுத்தது நான்.
ஆங்கிலத்துக்கு ஒரு பதிவு.
அந்த ஆளுக்கு இருமலே வராது.

"அவசர வழிகள் நாலாம், ஒன்பதாம் பகுதிகளில் உள்ளன"
என்று வாசித்தேன்.
நாலில் இருந்த காகம் எழும்பி
ஒன்பதில் போய் இருந்தது.

பதினொரு வருஷமாக இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறேன்.
காலும் பந்தும் சந்திக்கிற சத்தத்தை
இன்றைக்குத்தான் கேட்டேன்:
ஈரச் சாக்கைச் சுவரில் அறைவதுபோல.
மூச்சு கேட்டது. துப்பியது கேட்டது.
"தீபங், தீபங்" என்று ஒருவன் கத்த
"தாறன், நீ ஓடு" என்று மற்றவன்.
ஓடினான்.
நடுவரைத் திட்டியதும் கேட்டது.
அதை மூன்று மொழியிலும் அறிவிக்க முடியாது.

மதிலுக்கு அப்பால் தொடர்மாடியில்
யாரோ வீட்டுக் குக்கர் விசிலடித்தது.
இடது பக்கத்துப் பொடியன் ஆட்டத்தை நிறுத்திவிட்டான்.
பந்து அவனைக் கடந்து போனது.
பருப்புக்கு ஓஃப்சைட் தெரியாது.

பக்கத்து மேசையில் ருவன், ஒரு மடிக்கணினி.
ஏதோ மழை நாட்டில் எப்போதோ பிடித்த ஆரவாரத்தை
தொலைக்காட்சிக்கு அளந்து ஊற்றிக்கொண்டிருந்தான்.
வெள்ளவத்தையிலிருந்து தங்கச்சி அழைத்தாள்:
"என்னடி, சனம் வழியுது போல!"
வழிகிறது என்றேன்.
ருவனின் சுண்டுவிரலில்.

எண்பத்தொன்பதாம் நிமிஷம்.
முஸ்பிக் தூரத்திலிருந்து தட்டினான்,
நம்பிக்கை இல்லாத ஒரு தட்டு.
மன்னார் எட்மன் குரூஸ் குனிந்தான்.
மாலை முழுக்க எதையும் விடாதவன்.
பந்து கையுறைக்கு நடுவால் வழுகி
அவசரமே இல்லாமல்
கோட்டைத் தாண்டியது.

ஒரு சத்தமும் இல்லை.
முஸ்பிக்கே திரும்பிப் பார்த்தான், கோல்தானா என்று.
பிறகுதான் ருவன் பொத்தானைத் தேடி அழுத்தினான்.
வெள்ளவத்தையில் வெடித்திருக்கும்.

கிண்ணத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.
மேசையில் வைத்துவிட்டு
அதிகாரி ஆறடி தள்ளி நின்று கைதட்டினார்.

குரூஸ் கோலுக்குள்ளேயே படுத்திருந்தான்.
என் தாளில் கடைசி வரி மிச்சம்.
நிலந்தி தன்னுடையதை வாசித்தாள். யாரும் திரும்பவில்லை.
நான் வாசித்தேன்:
"எதையாவது தவறவிட்டவர்கள்
இரண்டாம் வாசலுக்கு வந்து பெற்றுக்கொள்ளவும்."

புல்லிலிருந்து ஒரு கையுறை
மெல்ல உயர்ந்தது.

அவனுடைய பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.
பிறகு எதிரணியிலும்.
முஸ்பிக் கிண்ணத்தைப் புல்லில் வைத்துவிட்டு
வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தினான்.
"என்ன சொன்னாய்?" என்றாள் நிலந்தி.
நீ சொன்னதைத்தான், என்றேன்.
அவள் நம்பவில்லை.

வெளியே வந்தபோது மழை.
இரண்டாம் வாசலில் உண்மையாகவே நின்றான்.
காவலாளியின் கடதாசிப் பெட்டிக்குள்
போன வருஷத்து இறுதியாட்டத்தில்
யாரோ விட்டுப்போன ஒரு குடை, கம்பி ஒன்று வளைந்து.
"கொண்டுபோங்கோ. இனி ஆர் வரப்போகினம்"
என்று கொப்பியை நீட்டினான்.
பொருள்: குடை.
உரியவர் பெயர்:

பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.
குரூஸ் பல்லால் கையுறையைக் கழற்றி
பேனையை வாங்கினான்.